எதை விடுகிறோம்? யாருக்குக் கொடுக்கிறோம்?

(தவக்கால வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)

  

இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறோம். மறையுரை நேரத்தில் ஆங்கிலப் பாடமா என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். அந்தச் சொல்லை நாம் தவறாகப் படித்தோம். அந்தத் தவறுக்கு ஓர் உயிர் விலையாகியிருக்கும். ஆகவேதான் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவரின் இசைவோடும், அவரது பெயரும் தெருவும் இல்லாமலும் சொல்கிறோம். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று; கைப்பேசியில் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கடலூரில் நாம் பணியாற்றிய பங்கில், சனிக்கிழமை மாலைதோறும் பங்கு மன்றத்தில் இளைஞர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்தினோம். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள், படகில் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் படிக்கும் பிள்ளைகள் என்று இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். திருநீற்றுப் புதன் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. தவக்காலத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அன்று 'கிவ் அப்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று ஒரு வகை உண்டு. ஒரு சின்ன வினைச்சொல், அதன் பக்கத்தில் இன்னொரு சின்னச் சொல். இரண்டும் சேர்ந்தால் பொருளே மாறிவிடும். 'லுக்' என்றால் பார்; 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரி. 'புட்' என்றால் வை. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றாலோ விட்டுவிடு. கொடுப்பது விடுவதாக மாறிப்போகிறது. நம் பிள்ளைகளுக்கு இதுதான் குழப்பம்.

தமிழில் இது இல்லையா என்று கேட்டோம். உண்டே! 'கை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கைகொடு என்றால் உதவு. கைவிடு என்றால் தனியே விட்டுப் போ. கைகழுவு என்றால் எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல். கைவிரி என்றால் என்னால் ஆகாது என்று சொல். கை ஒன்றுதான், பக்கத்தில் நிற்கும் சொல் அதன் குணத்தையே மாற்றிவிடுகிறது. அதுபோலவே 'விடு'. சாப்பிடு, சாப்பிட்டுவிடு, போ, போய்விடு. இந்த 'விடு' ஒரு செயல் முழுமையாக முடிந்ததைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்னும்போது அந்த 'அப்' செய்வதும் ஏறக்குறைய இதுதான். மொழிக்கு மொழி உடை வேறு, எலும்பு ஒன்று.

சொல்லுக்குப் பொருள் தேடுவது குருக்களுக்குப் புதிய வேலையும் அன்று. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். நம் உயர்மறைமாவட்டத்தின் பழைய மறைப்பணியாளர்களான முசே அடிகளாரும் துப்புயி அடிகளாரும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியில் தமிழ் - பிரெஞ்சு அகராதியை அச்சிட்டார்கள். மக்களின் சொல் புரியாமல் மக்களின் மனம் புரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் அது பிறகு தெரிந்தது.

வகுப்பில் வழக்குகளைச் சொல்லிக்கொடுத்தோம். 'கிவ் அப்' என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் 'ஸ்மோக்கிங்', 'டிரிங்கிங்' என்று 'இங்' ஈற்றோடுதான் வரவேண்டும். 'டு ஸ்மோக்' என்று வராது. அதை விட்டுவிடு என்று சொல்ல 'கிவ் இட் அப்' என்று 'இட்' நடுவில் வரவேண்டும். வீட்டுப்பாடமும் கொடுத்தோம். 'இந்தத் தவக்காலத்தில் நீங்கள் எதை விடப்போகிறீர்கள்? கிவ் அப் வைத்து ஒரு வாக்கியம் எழுதி நம் கைப்பேசிக்கு அனுப்புங்கள்' என்றோம்.

செய்திகள் வந்தன. ஒருவர் தேநீரை விட்டார். ஒரு பெண் மாலைத் தொடரை விட்டாள். ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் கைப்பேசி விளையாட்டை விட்டார். 'ஐ கிவ் அப் பிரியாணி' என்று ஒருவன் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'ஞாயிறு தவிர' என்று சேர்த்திருந்தான். நாமும் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் 'சரி' போட்டு அனுப்பினோம்.

வியாழக்கிழமை இரவு ஒரு செய்தி வந்தது. மூன்றே சொல். 'ஐ கிவ் அப்.' அனுப்பியவர் கடலூர் முதுநகர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை. சிதம்பரத்தில் பட்டம் முடித்து, அங்கேயே அண்ணாமலை நகர்ப் பக்கம் ஓர் அறை எடுத்து, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வார இறுதியில் வீட்டுக்கு வரும்போது வகுப்புக்கும் வருவார். நாம் என்ன செய்தோம் தெரியுமா? ஆசிரியர் அல்லவா! 'வாக்கியம் முழுமையாகவில்லை. செயப்படுபொருள் எங்கே?' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனோம்.

பதில் வரவில்லை. நாம் அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் வெள்ளி. மாலையில் சிலுவைப்பாதை. பன்னிரண்டாம் நிலை. மக்களெல்லாம் முழந்தாளில் இருக்கிறார்கள். இயேசு உயிர் துறக்கும் அந்த மௌன நேரத்தில், வாரம் முழுவதும் அந்தச் சொல்லையே திருத்திக்கொண்டிருந்ததாலோ என்னவோ, நம் மனம் எங்கோ போயிற்று. யோவான் நற்செய்தி 19ஆம் அதிகாரம் 30ஆம் வசனத்தில், பழைய ஆங்கில விவிலியம் இந்த இடத்துக்கு என்ன வினைச்சொல் போட்டிருக்கிறது? 'கிவ் அப்'. அதே சொல்தான். அந்த நொடியில் நேற்றிரவு வந்த செய்தி நினைவுக்கு வந்தது. அன்பார்ந்தவர்களே, 'ஐ கிவ் அப்' என்பது முழுமையான வாக்கியம். செயப்படுபொருள் வேண்டாத இன்னொரு வழக்கு அந்தச் சொல்லுக்கு உண்டு. விடுகதைக்கு விடை தெரியாத பிள்ளை 'தோற்றேன்' என்பானே, அப்போது சொல்வது அது. வாழ்க்கையே விடை தெரியாத கதையாகிப் போனவர் சொல்வதும் அதுதான். நமக்கு அது தெரியாததன்று. தெரிந்திருந்தும் வீட்டுப்பாடமாகப் படித்தோம்.

மீதி நிலைகளை எப்படி முடித்தோம் என்று நினைவில்லை. அவரது கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. தாயாரைக் கேட்டோம். 'படிக்கணும், இந்த வாரம் வரலன்னு சொல்லிச்சு ஃபாதர்' என்றார். அவரைப் பயமுறுத்த மனமில்லாமல், மகன் சாப்பிடும் மெஸ்ஸின் எண்ணை மட்டும் வாங்கினோம். மெஸ் நடத்தும் அக்காதான் எடுத்தார். 'தம்பியா? இங்கதான் சாமி உக்காந்திருக்கு. பேசுறீங்களா? இல்ல, இப்ப வேணாம். சாப்பிட்டுக்கிட்டு இருக்கு' என்றார்.

உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டோம். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் பி.முட்லூர் என்று எத்தனையோ முறை போன பாதை. அன்று நீண்டுகொண்டே போயிற்று. இருவரும் பேசவில்லை. உபதேசியார் மட்டும் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

மெஸ்ஸில் வேறு யாரும் இல்லை. அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டில் பாதி இட்லி. அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு கண்ணை அவர்மேல் வைத்திருந்தார். நம்மைப் பார்த்ததும் தனியே அழைத்துச் சொன்னார்: 'யார் யார் எத்தனை வேளை சாப்பிட்டாங்கன்னு நோட்டுல கோடு போட்டு வைப்பேன் சாமி. ரெண்டு நாளா தம்பி பேருக்கு நேரா கோடு விழல. ஊருக்குப் போனா சொல்லிட்டுத்தான் போகும். அதான் சாயங்காலம் போயி கதவைத் தட்டினேன். தொறக்கல. தொறக்கிற வரைக்கும் தட்டினேன்.'

இறைமக்களே, நாம் இறையியல் படித்தவர். விவிலியத்தின் கிரேக்கம் படித்தவர். ஆங்கிலம் கற்பிப்பவர். நம் கையில் மூன்று சொற்கள் இருந்தன. நாம் அவற்றைத் திருத்தினோம். அந்த அக்காவின் கையில் ஒரு சொல்லும் இல்லை. நோட்டில் விழாத கோடுகள்தான் இருந்தன. அவர் எழுந்து போய்க் கதவைத் தட்டினார்.

அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா இருக்கிறார். கர்மேல் மலையில் நெருப்பை இறக்கிய அதே எலியாதான். ஈசபேலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். ஆண்டவர் என்ன செய்தார்? உன் விசுவாசம் எங்கே என்று கேட்டாரா? கர்மேலை மறந்துவிட்டாயா என்று கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்க விட்டார். வானதூதர் வந்து தொட்டு எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றார். தணலில் சுட்ட அப்பம், குவளையில் தண்ணீர். மறுபடி தூங்க விட்டார். மறுபடி தொட்டு எழுப்பினார், மறுபடி சாப்பிடச் சொன்னார். ஓரேபு மலையில் மெல்லிய ஒலியாக ஆண்டவர் பேசியது அதற்குப் பிறகுதான். முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. அந்த வரிசை அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

நாமும் அன்று அதிகம் பேசவில்லை. உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து அவரே சொன்னார்: 'நீங்க ஆப்ஜெக்ட் எங்கன்னு கேட்டிருந்தீங்க ஃபாதர். யோசிச்சுப் பாத்தேன். எதை விடுறேன்னு எனக்கே தெரியல. எல்லாத்தையும்னுதான் தோணிச்சு.' பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நான்காவது முறையும் தேர்வு போயிருந்தது. அப்பாவின் படகுக் கடன். தங்கையின் திருமணம். ஊரில் எதிரே வருபவர்களெல்லாம் 'என்ன தம்பி, வேலை கெடைச்சிதா?' என்று கேட்பது.

அன்றிரவு அவரைக் கடலூருக்கு அழைத்து வந்தோம். பெற்றோரிடம் பேசினோம். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. செபம் மருந்தைத் தடுக்காது, மருந்தும் செபத்தைத் தடுக்காது. இதைப் பங்குத்தந்தையாகவே சொல்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, அந்த வாரம் நாம் கேட்ட இலக்கணக் கேள்வி தவறன்று. கேட்ட விதம்தான் தவறு. சிரிக்கும் முகம் போட்டுத் தொலைவிலிருந்து கேட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி. பள்ளியில் வேற்றுமை உருபுகள் படித்திருப்பீர்கள். இரண்டாம் வேற்றுமைக்கு 'ஐ'. அது கேட்கும் கேள்வி 'எதை?' நான்காம் வேற்றுமைக்கு 'கு'. கொடை வரும்போது அது கேட்கும் கேள்வி 'யாருக்கு?' விடுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளையும் நாம் கேட்கப் பழக வேண்டும்.

முதல் கேள்வி: எதை விடுகிறோம்?

தேவனாம்பட்டினம் போனவர்கள் கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே புனித டேவிட் கோட்டையின் மிச்சங்களைப் பார்த்திருப்பீர்கள். 1690இல் ஆங்கிலேயக் கும்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை அது. பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை கோட்டைக்குச் சொந்தம் என்று பேச்சாம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, இந்தக் கோட்டைதான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் ஆயிற்று. அப்படிப்பட்ட கோட்டையை 1758 ஜூன் 2ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் ஒப்படைத்தார்கள். அவர் அதன் அரண்களை இடித்துப்போட்டார். ஆங்கிலத்தில் இதற்கும் 'கிவ் அப்' என்பார்கள். கோட்டை போயிற்று. ஒப்படைத்தவர்களின் உயிர் மிஞ்சியது. போனது எது என்று அந்த வாக்கியத்தில் தெளிவாக இருக்கிறது: கோட்டை.

நம் காலத்திலேயே ஒன்று சொல்வோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிறு. சுனாமி நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனது. பிச்சாவரம் பக்கத்தில் சுரபுன்னைக் காடு சில ஊர்களுக்கு அரணாக நின்றது. கிள்ளைக்கு எதிரே மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டுக்கு அந்த மறைவு இல்லை. அலை நேராக வந்து அடித்தது. பிழைத்தவர்கள் அந்தத் திட்டை விட்டு உள்ளே வந்து குடியேறினார்கள். பிறந்த மண்ணை விடுவது எளிதா? ஆனாலும் விட்டார்கள். கடலை விடவில்லை, தொழிலை விடவில்லை, பிள்ளைகளை விடவில்லை. திட்டை மட்டும் விட்டார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று யாராவது சொல்வோமா?

ஆகவே எல்லா விடுதலும் தோல்வியன்று. ஒரு தேர்வை விடலாம். ஒரு வேலையை விடலாம். கைக்கு மீறிய ஒரு வியாபாரத்தை விடலாம். கௌரவத்துக்காகக் கட்டிக்காத்த ஒரு பொய்யை விடலாம், விடவும் வேண்டும். 'எதை?' என்ற கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் சுமை பாதியாகிவிடும். சோர்ந்த மனம் செய்யும் வஞ்சகம், அந்தப் பெயரை மறைத்துவிட்டு 'எல்லாம்' என்று சொல்ல வைப்பதுதான். தேர்வு போனது உண்மை. எல்லாம் போனது என்பது பொய். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை 'நான் விட்டுட்டேன்' என்று சொன்னால், அம்மாமார்களே, அப்பாமார்களே, அடித்துத் திருத்தாதீர்கள், சிரித்து மழுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'எதைப்பா?' என்று கேளுங்கள். பெயர் வெளியே வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

இரண்டாம் கேள்வி: யாருக்குக் கொடுக்கிறோம்?

மத்தேயு நற்செய்தி 27ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் குருக்களாகிய நமக்கு நடுக்கம் வரவேண்டும். யூதாசு மனம் வருந்துகிறான். முப்பது வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொண்டுவருகிறான். யாரிடம்? தலைமைக் குருக்களிடம், கோவிலில். மாசற்றவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான். ஏறக்குறைய ஒரு பாவசங்கீர்த்தனம் அது. குருக்கள் என்ன சொன்னார்கள்? அதனால் எங்களுக்கு என்ன, அது உன் பாடு என்று சொல்லிவிட்டார்கள். கைகழுவிவிட்டார்கள். பிலாத்து தண்ணீர் எடுத்துக் கைகழுவியது அதே அதிகாரத்தில், அதற்குப் பிறகுதான். தண்ணீர் இல்லாமலே முதலில் கைகழுவியவர்கள் குருக்கள். யூதாசு கொடுக்க வந்தான், வாங்கிக்கொள்ள ஆளில்லை. காசைக் கோவிலில் எறிந்துவிட்டுப் போனான். முடிவு உங்களுக்குத் தெரியும்.

பேதுருவும் அதே இரவில் விழுந்தவர்தான். மூன்று முறை மறுதலித்தார். அவரும் மனம் கசந்து அழுதார். ஆனால் அவரை லூக்கா நற்செய்தியின்படி ஆண்டவர் திரும்பிப் பார்த்தார். உயிர்த்த ஞாயிறன்று அவர் மற்றச் சீடர்களின் நடுவே இருந்தார். அழுகையை வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. இருவருக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை நாம் பாவத்தின் அளவில் தேடுகிறோம். அதைவிட, ஏற்றுக்கொள்ளும் கைகளைச் சென்றடைந்தார்களா என்பதில் தேடலாம்.

இங்கே ஒன்று சொல்லாமல் போகக்கூடாது. இப்படி ஒருவரை இழந்த வீடுகள் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2283ஆம் எண்ணில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் நிலைவாழ்வைக் குறித்து நாம் நம்பிக்கை இழந்துவிடக் கூடாது என்று கற்பிக்கிறது. இறைவன் மட்டுமே அறிந்த வழிகளில் அவர் அவர்களுக்கு மனமாற்ற வாய்ப்பளிக்க முடியும். திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. ஊரார் வாயை மூட முடியாது; ஆனால் உங்கள் பிள்ளைக்காகத் திருப்பலி கேட்க வெட்கப்பட வேண்டாம். வாருங்கள்.

இனிச் சிலுவையடிக்கு வருவோம். ஆண்டவர் சிலுவையில் தொங்கியபடி திருப்பாடல் 22இன் தொடக்கத்தைச் சொல்லிக் கதறுகிறார். தந்தை தம்மை ஏன் கைவிட்டார் என்று கேட்கிறார். கவனியுங்கள், கைவிட்டதாகச் சொல்லும் நேரத்திலும் அவர் யாரிடம் கேட்கிறார்? தந்தையிடமே. முகவரி மாறவில்லை. பிறகு, லூக்கா நற்செய்தி 23ஆம் அதிகாரத்தில், தம் உயிரைத் தந்தையின் கைகளில் ஒப்படைக்கிறார். கைவிடப்பட்டதாகத் தொடங்கிய செபம், கைகளில் ஒப்படைப்பதாக முடிகிறது. இரண்டிலும் 'கை' இருக்கிறது. தமிழில் படிக்கும் நமக்குக் கிடைத்த தனிக் கொடை இது.

யோவான் 19:30இல் கிரேக்க மூலத்தில் உள்ள வினை 'பாராதிதோமி'. கையளித்தல், ஒப்படைத்தல் என்று பொருள். யூதாசு இயேசுவைக் காட்டிக்கொடுத்ததற்கும் இதே வினைதான். குருக்கள் அவரைப் பிலாத்திடம் ஒப்படைத்ததற்கும், பிலாத்து சிலுவைச் சாவுக்கு அவரைக் கையளித்ததற்கும் இதே வினைதான். எல்லாரும் அவரைக் கைமாற்றிக் கைமாற்றித் தள்ளிவிட்டார்கள். கடைசியில் அவர் அதே வினையைத் தம் கையில் எடுத்து, தம் ஆவியைக் கையளித்தார். ஆகவே பழைய ஆங்கில விவிலியத்தின் 'கிவ் அப்' நம்பிக்கை இழந்தவரின் சொல் அன்று, கொடுத்தவரின் சொல். அங்கே 'எதை?' என்பதற்கும் விடை உண்டு, 'யாருக்கு?' என்பதற்கும் விடை உண்டு.

நம் தவக்கால முயற்சிகளுக்கும் இதே அளவுகோல்தான். ஒருசந்தி இருக்கிறோம், சுத்தபோசனம் காக்கிறோம். தேநீரை விட்டோம், மீனை விட்டோம், இறைச்சியை விட்டோம். நல்லது. அது யாருக்குப் போயிற்று? எசாயா 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் விரும்பும் நோன்பு பசித்தோருக்கு உணவைப் பகிர்வது என்று படிக்கிறோம். விட்டது யாருக்கும் போய்ச் சேராவிட்டால் அது மிச்சம் பிடித்ததே தவிர நோன்பு அன்று. நம் தமிழில் அழகான சொல் ஒன்று உண்டு: விட்டுக்கொடுத்தல். விடுவதும் கொடுப்பதும் ஒன்றாகச் சேர்ந்த சொல். கணவன் மனைவிக்குள், அண்ணன் தம்பிக்குள், மாமியார் மருமகளுக்குள் விட்டுக்கொடுங்கள் என்று எத்தனையோ முறை அறிவுரை கேட்டிருப்பீர்கள். நாள்தோறும் நாம் பேசும் தவக்காலச் சொல் அது.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

முதலாவது, சோர்ந்திருக்கும் சகோதரனே, சகோதரியே, உனக்கு. இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இன்றிரவே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். சொல்வது திருத்தமாக இருக்க வேண்டியதில்லை. மூன்று சொல் போதும். முதலில் கேட்டவர் நம்மைப்போல் புரிந்துகொள்ளாவிட்டால், இரண்டாவது ஒருவரிடம் சொல். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி நாள் முழுவதும், இரவிலும் கிடைக்கும். தமிழிலேயே பேசலாம். 104க்கும் அழைக்கலாம். பங்குத்தந்தையின் கதவு எந்த நேரத்திலும் தட்டலாம்.

இரண்டாவது, அன்பியத் தலைவர்களுக்கும், வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும், பக்கத்து வீட்டாருக்கும். அந்த அக்காவைப்போல் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனத்தில் வைத்தாலும் போதும். பூசைக்கு வந்துகொண்டிருந்தவர் இரண்டு வாரமாக வரவில்லையா, கடைக்கு வருபவர் வரவில்லையா, திண்ணையில் உட்காருபவர் உட்காரவில்லையா, போய்க் கதவைத் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்.

மூன்றாவது, ஆசிரியர்கள், பெற்றோர், குருக்களாகிய நமக்கு. ஒருவரைப் பற்றி 'இனி இவனைக் கொண்டு ஒன்றும் ஆகாது' என்று முடிவுகட்டுவதை ஆங்கிலத்தில் 'கிவ் அப் ஆன்' என்பார்கள். அந்த 'ஆன்' ஒரு மனிதனின் தலைமேல் வைக்கும் கல். ஆண்டவர் நம்மில் ஒருவர் மேலும் அதை வைத்ததில்லை. நாமும் வைக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை இன்று எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நலமாக இருக்கிறார். மருத்துவரிடம் ஓராண்டு போனார். துறைமுகத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். படகுக் கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தங்கைக்குத் திருமணம் நடந்தது, நாம்தான் மந்திரித்தோம். சிதம்பரத்து மெஸ் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆண்டுத் தவக்காலத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'ஃபாதர், ஐ கிவ் அப் தி எக்ஸாம்.' கீழே தமிழில், 'இப்ப ஆப்ஜெக்ட் இருக்கு' என்று எழுதியிருந்தார். நாம் 'சரி' போடவில்லை. எடுத்துப் பேசினோம்.

மருத்துவர் கைவிரித்துவிட்டார் என்கிறோம். அதிகாரி கைவிரித்துவிட்டார் என்கிறோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருள். அதே நாம் கோவிலுக்கு வந்து, பீடத்தின் முன் நின்று, கைவிரித்துச் செபிக்கிறோம். கையில் ஒன்றும் இல்லை என்று மனிதருக்குக் காட்டினால் அது முடிவு. இறைவனுக்குக் காட்டினால் அது செபம். சிலுவையிலும் அவர் கைகள் விரிந்துதான் இருந்தன. இப்போது இருக்கும் இடத்திலேயே, முடிந்தவர்கள் கைகளை விரித்துக்கொள்ளுங்கள். செபிப்போம்.

அன்புத் தந்தையே, எங்களால் தாங்க முடியாததை உம் கைகளில் வைக்கிறோம். விட வேண்டியதன் பெயரை எங்களுக்குச் சொல்லித்தாரும். விடக்கூடாத மனிதரை எங்கள் கண்முன் நிறுத்தும். இந்த இரவில் தனியாக இருக்கும் ஒவ்வொருவர் கதவையும் தட்ட ஒருவரை அனுப்பும். அந்த ஒருவர் நாங்களாகவே இருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.